குடோனுக்கு ஏஜென்ட் வந்தால் பையனுக்கு என்ன வேலை?

அம்மா, பி.காம். முடித்த உங்கள் மகனுக்கு மாதவரம் குடோன் ஒன்றில் ஸ்டாக் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர் ஏஜென்ட்டே பாத்துக்கப் போகுதாமே, சேரலாமா?" என்று கேட்டீர்கள். சேரட்டும்.

அந்த ஏஜென்ட் ஒரு ஏஐ (செயற்கை நுண்ணறிவு) மென்பொருள்தான். வந்த ஆர்டரையும் இருப்பையும் பார்த்து, எந்த ரேக்கில் எதை எடுப்பது என்று பட்டியல் போடும். சரக்கு குறைந்தால் கொள்முதல் ஆர்டரை எழுதி மேனேஜரின் ஒப்புதலுக்கு அனுப்பும். ஒரு சோப்பு நாளைக்கு 40 பெட்டி போகிறது, புதுச் சரக்கு வர 5 நாள், அவசரத்துக்குக் கையில் 60 பெட்டி இருக்க வேண்டும் என்றால், இருப்பு 260-க்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும். இது பழைய கணக்குதான். லாரி தாமதமாகி 5 நாள் 7 நாளானால், யாரும் சொல்லாமலே 260-ஐ 340 ஆக்கிக்கொள்ளும் என்பதுதான் புதுசு.

ஆனால் அதற்குக் கண் ஸ்கேனர் மட்டும்தான். நான் மணலியில் ஒரு குடோனில் இருந்தபோது, திரையில் 12 பெட்டி, ரேக்கில் 9. ராத்திரி மழையில் ஷட்டர் ஓரம் நனைந்த 3 பெட்டியை யாரோ தனியே எடுத்து வைத்திருக்கிறார், கணக்கில் கழிக்கவில்லை. மறுநாள் சரக்கு குறைவாகப் போய், கடைக்காரரிடம் திட்டு வாங்கியது நான். அன்று ஏஜென்ட் இருந்திருந்தால் அதுவும் அந்த 12-ஐத்தான் நம்பியிருக்கும்.

அதனால் பில் டைப் அடிக்கும் மேசையோடு அவன் நின்றுவிடக் கூடாது. அந்த நாற்காலிகள் குறையத்தான் போகின்றன, மறைக்க மாட்டேன். சரக்கு இறங்கும்போது எண்ணி வாங்குவது, தினமும் நாலு ரேக்கைச் சரிபார்ப்பது, காலாவதி முந்துவதை முதலில் அனுப்புவது, இவையெல்லாம் கைக்கு வரட்டும். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும், அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும் கணக்கிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சம். ஏஜென்ட் 500 பெட்டி கேட்டால், எந்தக் கணக்கில் கேட்டது என்று தோண்டிப் பார்க்கத் தெரிந்தவனைக் குடோன் லேசில் விடாது.

நகையை அடகு வைத்து 'ஏஐ லாஜிஸ்டிக்ஸ்' கோர்ஸில் சேர்க்க நினைத்தீர்களே, வேண்டாம். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் தளத்தில் என்ன இருக்கிறதென்று முதலில் பார்க்கட்டும்.

திரையில் உள்ள இருப்பும் ரேக்கில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் திருத்துவது யார், அந்த வேலையைத் தனக்கும் பழக்குவார்களா என்று இன்டர்வியூ எடுத்தவரிடமே கேட்கலாம். இரவு ஷிஃப்ட் உண்டா, தண்டையார்பேட்டை வரை வண்டி விடுவார்களா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடட்டும்.