எரியற லைட்டு, எரியாத லைட்டு: இந்த வாரக் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கடுதாசில முக்காவாசி செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி பத்தித்தான். எல்லாரும் நாலு பக்கம் எழுதுறீங்க, அதுல மூணு பக்கம் வண்டி கலர். நறுக்கித்தான் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: 2019 டாடா ஹாரியர், அடி வேரியன்ட், டீசல், 71,000 கி.மீ., சிங்கிள் ஓனர். விலை படிஞ்சிருச்சு. ஃபைவ் ஸ்டார் வண்டிதானே, பாதுகாப்பு பத்தி யோசிக்க வேண்டியதில்லல்ல? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: எந்த வருஷத்து ஸ்டாருன்னு பாத்தீங்களா சார்? ஹாரியருக்கு குளோபல் என்கேப் (கார மோத விட்டுப் பாத்து பாதுகாப்பு ஸ்டார் குடுக்கற அமைப்பு) ஃபைவ் ஸ்டார் குடுத்தது 2023 அக்டோபர்ல, அந்த வருஷம் மாத்தி விட்ட ஃபேஸ்லிஃப்ட் வண்டிக்கு. டிசம்பர்ல நம்ம நாட்டு சோதனை பாரத் என்கேப் முதல் ரிசல்ட் விட்டப்பவும் அதே புது வண்டிக்குத்தான் குடுத்தாங்க. அதுல அடி வேரியன்ட்லயே ஆறு ஏர்பேக். நீங்க பாக்குற 2019 அடி வேரியன்ட்ல ரெண்டே ரெண்டு. பேரு ஒண்ணுதான், வண்டி வேற. மோசமான வண்டின்னு சொல்லல, அந்த ஸ்டாரு இந்த வண்டியோடது இல்ல, அவ்ளோதான்.

வேரியன்ட் எவ்ளோ முக்கியம்னு தெரியணும்னா ரெனோ டஸ்டர எடுத்துக்கோங்க. 2017-ல அதே குளோபல் என்கேப் ரெண்டு டஸ்டர மோத விட்டுச்சு. ஏர்பேக் இல்லாததுக்கு ஜீரோ, டிரைவர் ஏர்பேக் இருந்ததுக்கு மூணு ஸ்டார். ஒரே பாடி, ஒரே இன்ஜின். அதனால மாடல் பேர விட்டுட்டு ஆர்சி-ல வேரியன்ட்டும் தயாரிப்பு மாசமும் என்னன்னு பாருங்க. ஏபிஎஸ் (சடன் பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) எல்லா காருக்கும் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரல்ல, டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலைல. பக்கத்து சீட்டு ஏர்பேக் 2021 முடிஞ்சப்பதான் எல்லா வண்டிக்கும் வந்துச்சு. அதுக்கு முந்துன வண்டின்னா எது இருக்கு எது இல்லன்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துதான் ஆகணும்.

கேள்வி: பனோரமிக் சன்ரூஃப் இருக்கு, நாப்பதாயிரம் கூட கேக்குறாங்க. குடுக்கலாமா? (நெய்வேலி)

பதில்: சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் அத தொறந்து அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வந்து எழுதுங்க.

கேள்வி: 2018 எஸ்யூவி ஒண்ணு பாத்திருக்கேன்ணே. ஏர்பேக் லைட்டு விடாம எரியுது. "சென்சார் கோளாறு தம்பி, ரீசெட் பண்ணி லைட்ட அமத்திக் குடுத்துடறேன்"னு புரோக்கர் சொல்றாரு. நம்பலாமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: தம்பி, எரியற லைட்டாவது உண்மைய சொல்லுது. எரியாத லைட்டுதான் ஆபத்து. இதுல நான் ஏமாந்தவன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோ.

2016-ல புதுச்சேரில ஒரு கடைல வெள்ளை எஸ்யூவி ஒண்ணு வாங்குனேன். இன்ஜின் சத்தம் கேட்டேன், டயர பாத்தேன், டிக்கி மேட்ட தூக்கிப் பாத்தேன், பெரிய இவன் மாதிரி பட்டி போட்டிருக்கான்னு கதவுல விரலால தட்டிப் பாத்தேன். டேஷ்போர்டுல ஒரு லைட்டு கூட எரியல, அடடா சுத்தமான வண்டின்னு சந்தோஷமா ஓட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஏசி கூலிங் காயில் ஓட்டை. செம்மண்டலத்துல மெக்கானிக் டேஷ்போர்ட முழுசா கழட்டிட்டு "சார் கொஞ்சம் வாங்க, ஒண்ணு பாருங்க"ன்னு கூப்ட்டாரு. பக்கத்து சீட்டு ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்துல வெறும் பொந்து. மேல கறுப்பு ரெக்சின் ஒட்டி வழவழன்னு இழுத்து விட்டிருக்கான். மீட்டர கழட்டுனா ஏர்பேக் லைட்டு மேல கறுப்பு இன்சுலேஷன் டேப், நகத்தளவு. ரெண்டு வருஷமா என் வீட்டம்மா உக்காந்துட்டு வந்தது அந்தப் பொந்துக்கு எதிர்லதான். வண்டி எப்பவோ பலமா அடிபட்டு ஏர்பேக் வெடிச்சிருக்கு, புதுசு மாட்டுனா காசு எகிறும்னு இப்படி மூடி வித்துட்டான். அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் எறங்கல.

அதனால என்ன பண்ணணும்னா, வண்டிய ஸ்டார்ட் பண்ணாம சாவிய ஆன்ல மட்டும் வைய்யி. பட்டன் வண்டின்னா பிரேக்க மிதிக்காம பட்டன ரெண்டு தடவ அமுக்கு. எல்லா லைட்டும் ஒண்ணா எரியும். ஏர்பேக் (ஒரு ஆளு மடில பந்து வச்ச மாதிரி படம்), ஏபிஎஸ், வண்டி வழுக்குற மாதிரி படம் போட்ட ஈஎஸ்சி (வண்டி வழுக்காம பிடிக்கறது), எல்லாத்தையும் செல்லுல வீடியோ எடு. ஏர்பேக் லைட்டு எரிஞ்சு சில செகண்டுல தானா அணையணும். எரியவே இல்லன்னாலும் தப்பு, அணையாம நின்னாலும் தப்பு, அப்புறம் ஸ்டார்ட் பண்றப்ப ஆயில் லைட்டோட ஒட்டிகிட்டே அதே நொடில அணைஞ்சாலும் சந்தேகப்படு, ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கியிருப்பான்.

இதோட முடியல. ஏர்பேக்குக்குப் பதிலா சின்னதா ஒரு ரெசிஸ்டர மாட்டி கம்ப்யூட்டரயே ஏமாத்துறவங்க இருக்காங்க, அப்ப லைட்டும் ஒழுங்கா அணையும், ஸ்கேனர்லயும் ஒண்ணும் காட்டாது. கண்ணுதான் காப்பாத்தணும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் ஒரு இடத்துல மட்டும் வேற பளபளப்பா இருக்கா, ஸ்டியரிங் நடு மூடி ஓரத்துல நெம்புன தடம் இருக்கான்னு பாரு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு. பலமான மோதல்ல பெல்ட்ட வெடுக்குன்னு இறுக்குற பிரீடென்ஷனரும் வெடிச்சிடும், அது ஒரு தடவைக்குத்தான். அப்படி வெடிச்ச பெல்ட்டு சிக்கி நிக்கும், இல்ல தொளதொளன்னு திரும்பும். பெல்ட்டு அடில தயாரிப்பு லேபிள் இருக்கும், வண்டி 2018-ஆ இருந்து டிரைவர் பெல்ட்டுல மட்டும் 2021-ன்னு இருந்தா அங்க ஒரு கதை இருக்கு. கண்ணாடி ஓரத்து வருஷக் குறியும் அப்படித்தான். பானெட்ட தூக்கி போல்ட்டு மேல பெயின்ட் உரிஞ்சிருக்கா, ரெண்டு பக்க ஏப்ரன்லயும் (பானெட்டுக்கு அடில, முன் சக்கரத்துக்கு மேல வர்ற தகடு) கம்பெனி வெல்டிங் புள்ளி ஒரே சீரா வரிசையா இருக்கான்னு பாத்துட்டு வா. இந்த மாதிரி மோனோகாக் வண்டில பாடியே சேசிஸ். மோதலோட வேகத்த வாங்கி மடங்க வேண்டிய இடம் அது, அங்க டிங்கரிங் பண்ணி நிமுத்தியிருந்தா அடுத்த தடவ எப்படி மடங்கும்னு செஞ்சவனுக்கே தெரியாது.

உன் புரோக்கர்கிட்ட ரீசெட்டெல்லாம் வேணாம்னு சொல்லு. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் போட்டு, என்ன கோளாறு கோட் (code) வருதுன்னு பிரின்ட் எடுத்து, உன் கண் முன்னாடி சரி பண்ணித் தரச் சொல்லு. மாட்டேன்னா வண்டிய அவரையே ஓட்டிக்கச் சொல்லிட்டு வந்துடு.

கேள்வி: 2025 மார்ச்ல புதுச்சேரில ஒரு கடைல 7,90,000-க்கு மிட்சைஸ் எஸ்யூவி வாங்குனோம். ரெண்டே மாசத்துல பவர் விண்டோ நின்னு போச்சு, ஏசி போட்டா மக்குன வாடை, இப்ப ஏர்பேக் லைட்டும் வந்துடுச்சு. மெக்கானிக் கார்பெட்ட தூக்கிட்டு தண்ணில நின்ன வண்டிங்கறாரு. கடைக்காரர் "பாத்துட்டுதானேம்மா வாங்குனீங்க"ன்னு போன வச்சிட்டாரு. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, நான்தான் அலையறேன். (மஞ்சக்குப்பம்)

பதில்: அம்மா, தப்பு உங்க மேல இல்ல, மொதல்ல அத மனசுல இருந்து எடுத்துடுங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்தப்ப புதுச்சேரில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, ரெண்டு நாள் கழிச்சு தென்பெண்ணை இந்தப் பக்கம் ஏறி வந்துச்சு, எத்தன வண்டி சீட்டு வரைக்கும் முங்குச்சுன்னு நம்ம ஊருக்கே தெரியும். அந்த வண்டியெல்லாம் ஆவியா போயிடல, காய வச்சு கழுவி சென்ட் அடிச்சு கடைக்கு வந்துச்சு. ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலான வண்டில கியருக்கு முன்னாடி தரையோட தரையா உக்காந்திருக்கும். கார்பெட் நனைஞ்சா அதுவும் நனையும், உடனே சாகாது, பின்னு பச்சை பூத்து மாசக்கணக்குல சாகும். உங்க லைட்டு இப்ப வந்ததுக்கு அதுதான் காரணமா இருக்கும். சரி பண்ற வரைக்கும் பிள்ளைங்கள அந்த வண்டில ஏத்தாதீங்க.

இப்ப வேலைய பாப்போம். மெக்கானிக் சொன்னத வாயால வச்சிக்காதீங்க, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க. கார்பெட்டுக்கு அடில மண்ணு, கனெக்டர் பச்சை, பெல்ட்டோட அடி நுனில சேத்துக் கோடு, எல்லாத்தையும் போட்டோ எடுங்க. பழைய ஓனரோட இன்சூரன்ஸ் பாலிசிய தேடிப் பிடிங்க. கிளைம் பண்ணாத ஓனருக்கு நோ கிளைம் போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும், நாலஞ்சு வருஷத்து வண்டி திடீர்னு ஜீரோல நின்னா கிளைம் எடுத்திருக்கலாம்னு சந்தேகப்படுங்க.

அப்புறம் கடைக்கு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ். மொதல்ல 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுங்க, அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை புதுச்சேரில இருக்கேன்னு பயப்படாதீங்க, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே, கடலூர்லயே கேஸ் போடலாம். அஞ்சு லட்சத்துக்கு மேல பத்து லட்சம் வரைக்கும் ஃபீஸ் 200 ரூபா. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல. "பாத்துட்டுதானே வாங்குனீங்க"ங்கறது தெரு ஞாயம், தெரிஞ்சே மறைச்சு வித்தது சட்டப்படி வேற. கடைல வாங்குனது உங்களுக்கு ஒரு விதத்துல நல்லது, தனி ஆள்கிட்ட நேரா வாங்கியிருந்தா நுகர்வோர் ஆணையம் போக வழியில்ல, சிவில் கோர்ட்டுதான்.

என்ன ஆச்சுன்னு எழுதுங்கம்மா. நீங்க எழுதற வரைக்கும் எனக்கு ஓடாது.

கேள்வி: வாட்ஸ்அப்புல போட்டோ பாத்து 50,000 அட்வான்ஸ் ஜிபே பண்ணிட்டேன். இப்ப என்னென்ன செக் பண்ணணும்? (பண்ருட்டி)

பதில்: பலாப்பழத்துக்கே தட்டிப் பாக்கற ஊரு சார் உங்களுது. அம்பதாயிரத்த அனுப்பிட்டு செக் பண்ண என்ன இருக்கு? ரசீதாவது வாங்குனீங்களா? எம்பரிவாகன்ல வண்டி நம்பர போட்டு லோன் பாக்கி இருக்கா, அபராதம் எவ்ளோ நிக்குதுன்னு இப்பவாவது பாருங்க. மிச்சப் பணத்த வண்டிய ஓட்டிப் பாக்காம அனுப்புனீங்கன்னா எனக்கு எழுதாதீங்க.

கேள்வி: பிஒய்-01 (புதுச்சேரி நம்பர்) வண்டி, டிஎன்-31 (கடலூர் நம்பர்) வண்டிய விட ஒரு லட்சம் கம்மியா வருது. கடலூர்லயே ஓட்டப் போறேன். லாபம்தானே? (ஆல்பேட்டை)

பதில்: கணக்கு போட்டுட்டு சொல்லுங்க. வேற மாநில நம்பர்ல 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா நம்பர் மாத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. அதுக்கு அங்கருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று), அதுக்கான ஃபார்ம் 28, லோன் இருந்தா அது முடிஞ்சதுன்னு ஃபார்ம் 35, அப்புறம் இங்க வண்டி விலைக்கும் வயசுக்கும் ஏத்த மாதிரி லைஃப் டாக்ஸ். அந்த ஒரு லட்சத்துல பாதிக்கு மேல கரைஞ்சிடும். என்ஓசி கைல வந்தப்புறம் முழுப் பணம் குடுக்கறேன்னு பேசுங்க. அது கடற்கரை ஓர வீட்டு வண்டியான்னும் கேளுங்க, குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி உப்புக் காத்துல வெளிய நின்ன வண்டிக்கு மேல மினுமினுப்பு இருக்கும், அடில பிரேக் பைப்பு பொரிஞ்சு போயிருக்கும். பள்ளத்துல ஏத்தி அடிய பாக்காம வாங்காதீங்க.

கேள்வி: 2021 டீசல், பிஎஸ்6, வெறும் 26,000 கி.மீ. டாக்டர் வீட்டு வண்டி, முதலியார்பேட்டைலருந்து கிளினிக்குக்கு மட்டும்தான் ஓடுச்சாம். இதவிட நல்ல வண்டி கிடைக்குமா? (அரியாங்குப்பம்)

பதில்: கிடைக்கும். 80,000 கி.மீ. திருச்சி ரோட்டுல ஓடுன டீசல்.

பிஎஸ்6 (புது புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டில பொகைக் கரிய பிடிச்சு வைக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. வண்டி நல்லா சூடாகி ஹைவேல கொஞ்ச நேரம் சீரா ஓடுனாத்தான் அந்தக் கரி எரியும். தினம் ரெண்டு கிலோமீட்டர் போய் ஆஃப் பண்ற வண்டில அது அடைச்சுக்கும், எரிக்கப் பாத்து பாதில நின்னு நின்னு டீசல் ஆயில்ல கலக்கும். ஆயில் ஸ்டிக்க இழுத்துப் பாருங்க, மேல் கோட்டுக்கு மேல ஆயில் நிக்குதுன்னா, டீசல் வாடையும் வருதுன்னா கெளம்பிடுங்க. நல்லா இருந்துச்சுன்னா காலைல அவங்க தொடறதுக்கு முன்னாடியே போங்க, பானெட்டுல கைய வைங்க, சூடா இருந்தா உங்களுக்காக ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. குளுந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேளுங்க, அப்புறம் ஈசிஆர்ல அரை மணி நேரம் ஓட்டுங்க. ஆளில்லாத நேரா ரோட்டுல ஸ்டியரிங்க லேசா விட்டுப் பிடிங்க, ஒரு பக்கமா இழுக்கக்கூடாது. பிரேக்க அழுத்தி மிதிச்சா ஏபிஎஸ் கால்ல கடகடன்னு தட்டணும்.

கேள்வி: பின்சீட்டுல குழந்தை சீட்டு மாட்ட ஐசோஃபிக்ஸ் இருக்கற வண்டிதான் வேணும்கறேன். "மடில வச்சிக்க, நாங்கல்லாம் அப்படித்தான் வளந்தோம்"ங்கறாங்க மாமியார். (வில்லியனூர்)

பதில்: அத்தைகிட்ட சண்டை போடாதீங்க, வீட்டுக்காரர்கிட்ட போடுங்க. 50 கி.மீ. வேகத்துல முட்டுனா பத்து கிலோ பிள்ளைய எந்தக் கையும் பிடிச்சு நிறுத்தாது. பின்சீட்டு இடுக்குல விரல விட்டு ஐசோஃபிக்ஸ்னா குழந்தை சீட்ட மாட்டற ரெண்டு இரும்பு வளையம், அது ரெண்டும் தட்டுப்படுதான்னு பாருங்க, பழைய ஓனர் போட்ட ரெக்சின் கவர் அத மூடியிருக்கும். முன்சீட்டுலயும் கவர கழட்டச் சொல்லுங்க, சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ளருந்து கிழிச்சிட்டு வரணும், ரெக்சின் போட்டு தச்சா அது எப்படி வரும்? முன்சீட்டுல ஏர்பேக் ஆன்ல இருக்கறப்ப பின்னாடி பாத்து உக்கார வைக்கற குழந்தை சீட்ட அங்க மாட்டவே கூடாது.

கேள்வி: முன்னாடி பெரிய இரும்பு கம்பி கார்டு போட்டிருக்காங்க, ஃப்ரீயா தராங்க. விடலாமா? (காட்டுமன்னார்கோயில்)

பதில்: 2017 டிசம்பர்லயே மத்திய அரசு வேணாம்னு சொன்னது அது. அத கழட்டிட்டு அதுக்குப் பின்னால இருக்கற முன் பம்பர் என்ன கதின்னு பாருங்க, எதையோ மறைக்கத்தான் ஃப்ரீயா தராங்க.