ராஸ்பெர்ரி பை வைத்த லேத்: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் உதவிக்கு ஒரு பையனும்தான். ஆறடி லேத்தில் பம்ப் ஷாஃப்ட், புஷ், மரை போட்ட சில்லறை ஜாப் எல்லாம் ஓட்டுகிறோம். இதே லேத்தை சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின் ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கன்ட்ரோலருக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை வைப்பாராம். சீட்டுக்கட்டு அளவு போர்டு ஒரு லேத்தை ஓட்டுமா சார்? பாதிப் பணம் முன்னால் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஓட்டும். அதில் சந்தேகம் வேண்டாம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் போடுவது லினக்ஸ்சிஎன்சி. 1990-களில் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தில் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த மென்பொருள் அது. பை 4, பை 5 இரண்டிலும் ஓடுகிறது. இலவசம். அதனால் கொட்டேஷனில் ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ்’ என்று ஒரு தொகை இருந்தால், எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, மோட்டாரை நகர்த்தும் பல்ஸ் (மின் துடிப்பு) எங்கிருந்து போகிறது என்று கேளுங்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் பிட்ச் பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றில் கேரேஜை 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகு), ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் கேட்கும் சர்வோ மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்கு 2,000 பல்ஸ். டூலைச் சுமக்கும் கேரேஜ் நிமிடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் ஓடினால் நொடிக்கு ஒரு லட்சம் பல்ஸ், அதாவது 10 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. நேரம் தவறாமல் ஓடுவதற்கென்றே உள்ள ரியல்டைம் கர்னல் போட்ட பைகூட சில சமயம் பல பத்து மைக்ரோ செகண்ட் தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப் விட்டால், நகர்ந்ததா என்று திரும்பச் சொல்லாத திறந்த அமைப்பில் யாருக்கும் தெரியாது. ஜாப் அளவு மாறி வரும்போதுதான் தெரியும். பை கணக்குப் போடட்டும், பல்ஸை அதற்கென்று இருக்கும் போர்டு அடிக்கட்டும். மெசா 7சி80 போன்ற போர்டில் பை நேராக உட்கார்ந்துகொள்ளும். லேத்தின் 24 வோல்ட் சென்சார்களையும் அந்தப் போர்டு வாங்கிக்கொள்ளும். பையின் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும். 24 வோல்ட் பட்டால் அன்றோடு சரி. ‘பையிலிருந்தே மோட்டார் டிரைவருக்கு வயர் இழுத்துவிடலாம்’ என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் மரை வெட்டுகிறீர்கள், அதனால் ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) என்கோடர் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். மரையை ஒரே பாஸில் (ஓட்டத்தில்) வெட்டுவதில்லை. ஒவ்வொரு பாஸும் ஸ்பிண்டில் அதே கோணத்தில் நிற்கும்போது தொடங்க வேண்டும். சக் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது என்கோடர்தான். கோணத்தைச் சொல்லும் ஏ, பி பல்ஸோடு சுற்றுக்கு ஒரு முறை வரும் இண்டெக்ஸ் பல்ஸும் தேவை. அது இருந்தால் மரை வெட்டும் கட்டளைகளான ஜி33, ஜி76 இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். செதுக்கும் ரௌட்டர் மெஷினுக்காக வந்த, ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் ஏற்றிய போர்டை லேத்துக்கு மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அசல் ஜிஆர்பிஎல்லில் இந்த மரை வசதி கிடையாது.

எனக்கே நடந்தது ஒன்று. மாற்றிக் கொடுத்த லேத்தில் என்கோடர் பெல்ட் ஓடும்போதே ஒரு பல் நழுவிக்கொண்டிருந்தது. முதல் பாஸ் அழகாக விழுந்தது. மூன்றாவது பாஸில் டூல் பள்ளத்தை விட்டு மேட்டில் ஏறியது. நட்டை மாட்டினால் இரண்டு சுற்றோடு பிடித்துக்கொண்டது. கையில் எடுத்துப் பார்த்தால் மரை மேடெல்லாம் கத்தியால் சீவியதுபோல இருந்தது. பத்து ஷாஃப்ட் வீண்.

ஆகவே பாதிப் பணம் முன்னால் வேண்டாம். பொருள் இறங்கும்போது ஒரு பகுதி, ஓடிக் காட்டும்போது ஒரு பகுதி என்று பேசுங்கள். கடைசிப் பகுதி இரண்டு சோதனைக்குப் பிறகுதான். எம்20 (20 மில்லிமீட்டர் விட்டம்), 2.5 பிட்ச் மரையை உங்கள் கண்முன்னே ஐந்து ஜாப்பில் வெட்டச் சொல்லி, நட் கடைசிவரை ஏறுகிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். அப்புறம் கேரேஜில் டயல் கேஜ் வைத்து, முழு வேகத்தில் ஐம்பது முறை போய்வரச் சொல்லுங்கள். முள் பழைய இடத்துக்கே வர வேண்டும்.

கொட்டேஷனில் பால் ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் 0.1 மில்லிமீட்டர் ப்ளே (ஆட்டம்) இருந்தால், திசை திரும்பும்போது விட்டத்தில் 0.2 ஆக வரும். எந்தக் கன்ட்ரோலர் போட்டாலும் அந்த ப்ளே அப்படியே இருக்கும்.

எமர்ஜென்சி பட்டன் பையிடம் தகவல் சொன்னால் மட்டும் போதாது, மெயின் கரண்டை வெட்டும் கான்டாக்டரையே விழவைக்க வேண்டும். சக் காற்றில் சுற்றும்போது பையின் பவரைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஸ்பிண்டிலும் ஆக்ஸிஸும் தானாக நிற்க வேண்டும். தயவுசெய்து இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களோடு ஒரு பையன் வேலை செய்கிறான்.

கேள்வி: கரண்ட் அடிக்கடி போகிறது. பை தாங்குமா?

பதில்: பை தாங்கும், எஸ்டி கார்டுதான் கெட்டுப்போகும். பைக்கு மட்டும் சிறிய யுபிஎஸ், கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்ப், பை 5-க்கு 5 ஆம்ப் சப்ளை வேண்டும்; போன் சார்ஜர் உதவாது. லேத்தின் செட்டிங் எல்லாம் இருக்கும் ஐஎன்ஐ, ஹெச்ஏஎல் கோப்புகளையும் பாஸ்வேர்டையும் பென்டிரைவில் வாங்கிவையுங்கள். இல்லாவிட்டால் சின்னத் திருத்தத்துக்கும் அவரையே கூப்பிட வேண்டியிருக்கும்.

கேள்வி: பட்டறைக்கு வாங்கியது என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்கிறார்களே?

பதில்: வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு இருக்கிறது. 1995-இல் லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் லேத் வாங்கித் தானே ஓட்டுபவரையே உதாரணமாகச் சொன்னது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்திருந்தாலும் அவர் நுகர்வோர்தான் என்றது. அந்த வழக்கே ஒரு சிஎன்சி டர்னிங் மெஷின் பற்றியது. உங்கள் நிலைமை இதற்குப் பொருந்துகிறது. ஜிஎஸ்டி பில்லில் போர்டு, என்கோடர், மோட்டார் மாடல்களைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பாருங்கள்.