காரில் இரண்டாவது பேட்டரி: கேள்வி பதில்

கோவை: பிஎஸ்6 டீசல் வண்டி. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை ஒரே இடத்தில் கூடாரம். வண்டியின் பேட்டரியைத் தொடாமல் இரண்டாவது பேட்டரியில் 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓட என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் கணக்கு. அந்த அளவு கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்ப் இழுக்கும். நம் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வையுங்கள். 36 மணி நேரத்துக்கு 72 ஏஹெச் (ஆம்ப்-ஹவர், அதாவது ஆம்ப்பை மணியால் பெருக்கியது). லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். லெட் ஆசிட்டிலேயே சீல் செய்த வகையான ஏஜிஎம், 100 ஏஹெச் என்றால் உங்களுக்கு ஒரு நாள்தான் தாங்கும். 100 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள்.

அடுத்தது சார்ஜிங். பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜை இன்ஜின் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கும். பேட்டரி நிறைந்ததும் 12.5 பக்கம் இறங்கி நிற்கும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் 14.8க்கு ஏறும். 14.2 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து கேட்கிற பேட்டரிக்கு இது போதாது. வரும் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பேட்டரி கேட்பதைச் சீராகக் கொடுக்கும் 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள், இக்னிஷன் வயரில் இயங்கும்படி. 72 ஏஹெச் திரும்ப ஏற நாலு மணி நேர ஓட்டம் வேண்டும்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 20 ஆம்ப் சார்ஜர் உள்ளே 25 முதல் 30 ஆம்ப் வரை இழுக்கும். பானெட்டிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 ஸ்கொயர் எம்எம்மில் 0.33தான். 60 ஆம்ப் ஃபியூஸ் இரண்டு, ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்தும் ஒரு சாணுக்குள். வயர் எங்கே உரசி பாடியில் பட்டாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்க ஃபியூஸ் மறுபக்கத் தீயை நிறுத்தாது.

மதுரை: வீட்டு இன்வர்ட்டரின் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. டிக்கியில் வைக்கலாமா?

வேண்டாம். 50 கிலோவுக்கு மேல் எடை, குலுக்கலில் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். நீங்கள் உட்காரும் இடத்தில் அது சேரக் கூடாது.

தேனி: 2009 பொலேரோ. இரண்டு பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சாக, இக்னிஷனில் இயங்கும் 100 ஆம்ப் ரிலே, இரண்டு லெட் ஆசிட் பேட்டரி. வருடக்கணக்காக ஓடுகிறது. டிசி-டிசி எல்லாம் வீண் செலவு.

உங்கள் வண்டிக்கு அது வீண் செலவுதான். ஆல்டர்நேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் நிலையாகக் கொடுக்கிறது, இரண்டும் ஒரே வகை பேட்டரி, ரிலே போதும். ஆனால் இக்னிஷன் வயரில் இயக்குவது தவறு. சாவி திருப்பியதுமே இரண்டும் சேர்ந்துவிடும். செல்ஃப் மோட்டார் இழுக்கும் 200, 300 ஆம்ப்பில் ஒரு பங்கு அந்த ரிலே வழியாகப் பாயும், உள்ளே இருக்கும் பாயிண்ட்கள் சூட்டில் ஒட்டிப்போகலாம். 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8ல் பிரியும் விஎஸ்ஆர் ரிலேவை மாற்றிப் போடுங்கள்.

பொள்ளாச்சி: ரிலே சரி என்றால் அதிலேயே லித்தியமும் மாட்டலாமே?

கூடாது. லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு. காலியாக இருந்தால் ஆல்டர்நேட்டர் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஐடிலிங்கில் ஆல்டர்நேட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது முழு லோடு விழுந்தால் காயில் கருகும். டிசி-டிசி 20 ஆம்ப்புக்கு மேல் விடாது, அதுதான் அதன் வேலை.

தேனி: என் ரிலே ஒருநாளும் சுடவில்லை. பாயிண்ட் ஒட்டிப்போனால் தெரியாதா?

தெரியாது. ஒட்டியிருந்தால் இரவில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கும், காலையில் செல்ஃப் எடுக்காது. இப்போதே பாருங்கள்: சாவியை எடுத்துவிட்டு ஹெட்லைட் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ரிலேவின் இரண்டு பெரிய போல்ட்டில் வையுங்கள். 0.3, 0.4 வோல்ட் காட்டினால் பிரிந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஒட்டிவிட்டது. இரண்டு பக்கமும் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் அப்படியே பாருங்கள்.

நாகர்கோவில்: இன்வர்ட்டர் பேட்டரி வைக்கலாமா?

மதுரைக்குச் சொன்னதுதான்.

திருநெல்வேலி: வூஃபர் அதிரும்போது ஹெட்லைட் மங்குகிறது. இரண்டாவது பேட்டரி தீர்க்குமா?

அதற்கு இது மருந்தில்லை. ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் ஆல்டர்நேட்டரின் அளவையும் ஆடியோ கடையில் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை: சிக்னலில் தானே அணையும் வண்டி. இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவை எங்கே கொடுப்பது?

உங்கள் வண்டி பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். போகும் வரும் கரண்டை எண்ணும் சென்சார் அது. டெர்மினலில் நேரே கொடுத்தால் சென்சாரைத் தாண்டிப் போய் கணக்குத் தப்பும், தானே அணைவதும் நின்றுபோகலாம். பாடியில் கொடுங்கள்: பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வயர் முனையின் வளையத்தை (லக்) வைத்து முறுக்கி, மேலே கிரீஸ்.

சேலம்: டீலர் பானெட்டுக்குள் லித்தியம் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

மறுத்துவிடுங்கள். இன்ஜின் சூடு அதற்கு ஆகாது, பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் சூட்டில் கட் செய்துவிடும். டிக்கி அல்லது சீட் அடி.

ஈரோடு: கடையில் ஒரு ஃபியூஸ் போதும் என்கிறார்கள்.

மூன்றாவது தடவை சொல்கிறேன்: இரண்டு. எல்லா இணைப்பும் முடிந்து, முனைகளை இழுத்துப் பார்த்த பிறகே இரண்டையும் மாட்டுங்கள்.