பழைய பிரிண்டருக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?

கேள்வி: போச்சம்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பழைய கேனான் எல்பிபி 2900பி பிரிண்டர், விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியில் வேலை செய்யவில்லை. கூகுளில் கிடைத்த உதவி எண்ணில், டிரைவர் காலாவதியாகிவிட்டது, 3,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். டிரைவர் என்பது பிரிண்டரையும் கணினியையும் இணைத்துப் பேசவைக்கும் மென்பொருள்; அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. கேனான் இந்தியாவின் இணையதளத்திலேயே அது இலவசமாகக் கிடைக்கிறது. பிரிண்டர் பெயரோடு டிரைவர் என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். அவற்றில் சில, டிரைவர் இறங்குவதுபோல் காட்டி, பாதியில் பிழை என்று சொல்லி ஒரு தொலைபேசி எண்ணை நீட்டும். அழைத்தால், எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்லி உங்கள் கணினிக்குள்ளேயே நுழைந்துவிடுவார்கள். அப்படி ஏற்கெனவே அனுமதித்திருந்தால், உடனே இணையத்தைத் துண்டித்து, வேறு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களும் வேண்டாம். பிரிண்டரை விற்ற நிறுவனங்கள் டிரைவர் பக்கத்தைக் கண்ணில் படும்படி வைத்திருந்தால் இந்தக் கூட்டத்துக்குப் பிழைப்பே இருக்காது.

விண்டோஸ் 11 என்றாலே 64-பிட்தான்; எனவே பழைய சிடியில் உள்ள 32-பிட் டிரைவர் உதவாது, 64-பிட் டிரைவரையே இறக்குங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் பாருங்கள். அங்கே ஏஆர்எம் (வேறு வகைப் பிராசஸர்) என்று இருந்தால் சாதாரண 64-பிட் டிரைவரும் ஏறாது, ஏனெனில் அந்தப் பிராசஸருக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். இவ்வளவு பழைய மாடல்களுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. ஸ்னாப்டிராகன் பிராசஸர் உள்ள மடிக்கணினிகளில்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல். கடைக்காரர் 'எல்லாம் ஓடும்' என்று சொன்னாலும், வாங்கும் முன் இந்த வரியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எக்ஸ்64 என்று இருந்தால் கவலை இல்லை.

இனி, யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் பிரிண்டர் பதிவு இருந்தால் நீக்குங்கள். இறக்கிய கோப்பை விரித்து, செட்டப்பை இயக்கி, யுஎஸ்பி வழியாக நிறுவும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். கேபிளைச் செருகு என்று திரையில் வந்த பிறகே செருகிப் பிரிண்டரை ஆன் செய்ய வேண்டும். முந்திச் செருகுவதால்தான் பலருக்கு நிறுவல் கெடுகிறது. முடிந்தும் தாள் வரவில்லை என்றால், பிரிண்டர் பிராபர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, யுஎஸ்பி001 போன்ற யுஎஸ்பி போர்ட்டில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய வகைப் பிரிண்டர் போர்ட்டான எல்பிடி1இல் இருந்தால் மாற்றிவிட்டுச் சோதனைப் பக்கம் எடுங்கள்.