இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் சினிமாவைத் தொழிலாக்க முடியுமா?

முடியும். நான் அதில்தான் சாப்பிடுகிறேன். உங்கள் வீட்டிலும் "முதலில் ஓஎல் பாஸ் பண்ணு" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடப் பரீட்சையைப் பாஸ் பண்ணிவிடுங்கள், சண்டை மிச்சம்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் பாலு மகேந்திராவைக் காட்டுவார்கள். மட்டக்களப்புக்காரர், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீனின் "த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்" படப்பிடிப்பைப் பார்த்து ஆசைப்பட்டவர். அந்தப் படத்துக்குப் பாலம் கட்டிய கித்துல்கலையைத் தாண்டித்தான் ஹட்டன் பஸ் கொழும்புக்குப் போகிறது. ஆனால் பிறகு அவர் புனே போய் ஒளிப்பதிவு படித்ததை யாரும் சொல்வதில்லை. நமக்குப் புனேக்குப் போகக் காசு எங்கே?

எனக்கு ஆசை வந்தது லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில். சம்பளம் போட்டதும் காசு சேர்த்து வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுப்பார்கள். விடிய விடியப் படம். சண்டைக் காட்சியைப் பின்னால் ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: குத்துகிற கை ஒரு ஷாட், விழுகிற ஆள் வேறு ஷாட். இரண்டையும் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அந்த "யாரோ"வாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடித்தேன், எடிட்டிங் பழகினேன், கல்யாணம் எடுத்தேன். இப்போது ஆவணப்படங்களும் வருகின்றன. "கல்யாண வீடியோ சினிமாவா?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். தாலி கட்டுவதற்கு ரீடேக் கேட்டுப் பாருங்கள், தெரியும். மாசியில் காமன் கூத்தும் எடுத்துப் பாருங்கள். இருட்டுக்காகக் கமரா லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து வைத்திருப்பீர்கள். மன்மதனை எரிக்கும் தீ எழுந்ததும் படம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

கமரா வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் நல்ல மைக். தகரக் கூரையில் மழை விழுந்தால் லயத்துக்குள் ஒரு வசனமும் தேறாது. ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியா வேண்டாம். பண்டாரவளைப் பக்கம் போங்கள், அங்கே அப்போது மழை குறைவு.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒருமுறை விளம்பரம் எடுக்க வந்தவர்கள் எங்கள் பெண்களுக்குப் புதுக்கூடை மாட்டிக் காலையிலிருந்து மலையில் நிறுத்தினார்கள். பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். கொழுந்து நிறை சேராததால் என் பெரியம்மாவுக்கு அன்று அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். கேட்டதற்கு, "உங்கள் ஊரை அழகாகக் காட்டுகிறோமே" என்றார் ஒருவர். நீங்கள் படம் எடுத்தால் ஆளுக்கு ஒரு முழுப்பேர் காசைச் செலவுக் கணக்கில் முதலில் எழுதுங்கள். மிச்சத்தில் கமராவை வாடகைக்கு எடுக்கலாம்.