டிக் வெல்டிங்ல பின்ஹோலா? கேஸைக் கூட்டாதீங்க, முதல்ல ஒரு பொட்டு வச்சுப் பாருங்க

டிக் வெல்டிங்னா ஆர்கான் கேஸ் சூழ டங்ஸ்டன் ஊசியில ஆர்க் புடிச்சு இரும்பை உருக்கி ஒட்டுறது. அதுல வந்த கேள்வி இதுதான்: "3 மிமீ எம்எஸ் (சாதா இரும்பு) பட்டையையும் ஸ்கொயர் டியூபையும் டிக்ல அடிக்கிறேன், 2.4 மிமீ டங்ஸ்டன், 8ம் நம்பர் கப் (டார்ச் முனையில கேஸ் வர்ற மூக்கு), 100 ஆம்ப். போன வாரம் வரைக்கும் நல்லா வந்துச்சு, இப்ப பீட் (வெல்டிங் வரி) முழுக்க பின்ஹோல் (ஊசி ஓட்டை). ஆர்கானை நிமிஷத்துக்கு 10 லிட்டர்ல இருந்து 18 லிட்டர் வரைக்கும் கூட்டிட்டேன், இன்னும் மோசமாத்தான் ஆகுது. டியூபை மூடுற இடத்துல கடைசி ஒரு இன்ச் எப்பவுமே புஸ்ஸுன்னு ஊதி ஓட்டையாகுது. என்ன பண்றது?"

முதல்ல அந்த 18ஐ 8, 9க்குக் கொண்டு வாங்க. கேஸ் அதிகமா விட்டா பாதுகாப்பு அதிகம்னு தோணும், ஆனா அந்தச் சின்ன கப்புல அவ்ளோ வேகமா வெளிய வரும்போது கேஸ் சுழிச்சு பக்கத்துல இருக்குற காத்தையும் சேத்து உள்ள இழுத்துடும். குழாயைப் பாதி திறந்தா தண்ணி கண்ணாடி மாதிரி விழும், முழுசா திறந்தா நுரைச்சுக்கிட்டு விழும்ல, அதே கதைதான்.

அப்புறம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. ராடு (உருக்கிச் சேக்குற ஃபில்லர் கம்பி) மாத்தி, கப்பு மாத்தி, ஆம்ப் மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. தப்பு ரெண்டு இடத்துலதான் இருக்க முடியும், ஒண்ணு கேஸ் பக்கம், இல்லேன்னா இரும்பு பக்கம் (ராடும் இரும்புலதான் சேத்தி). இதைப் பிரிக்க ஒரு சின்ன டெஸ்ட் போதும். ஒரு துண்டு இரும்பை எடுத்து ரெண்டு பக்கமும் வெள்ளையா பளபளன்னு வர்ற வரைக்கும் கிரைண்டிங் பண்ணி அசிட்டோன் போட்டுத் துடைங்க, அது நல்லா காஞ்சதுக்கு அப்புறம் ஃபில்லர் போடாம ஒரே இடத்துல ஆர்க் புடிச்சு ஒரு பொட்டு அளவு உருக்கி நிறுத்துங்க, டார்ச்சை அசைக்காம கேஸ் நிக்கிற வரைக்கும் அப்படியே வச்சிருங்க. பொட்டு வழவழன்னு மினுங்கி டங்ஸ்டனும் வெள்ளி கலர்லயே இருந்தா உங்க கேஸ் நல்லாத்தான் இருக்கு, குத்தம் இரும்புலயோ ராடுலயோதான். பொட்டு கருத்து பொறிப்பொறியா வந்து டங்ஸ்டனும் நீலமோ கருப்போ ஆச்சுன்னா கேஸ் பக்கம் போங்க. (டங்ஸ்டன் என்ன கலர்ல இருக்குன்னு நீங்க கேள்வியில சொல்லவே இல்ல, நேர்ல வந்திருந்தா நான் முதல்ல கேட்டிருப்பேன்.) போஸ்ட் ஃப்ளோவும் (ஆர்க் நின்ன பிறகும் கேஸ் வர்ற நேரம்) பத்தணும், 10 ஆம்புக்கு 1 செகண்டுன்னு வச்சுக்கிட்டா உங்க 100 ஆம்புக்கு 10 செகண்ட்.

கேஸ் பக்கம்னு தெரிஞ்சா முதல்ல ஃபேனை நிறுத்துங்க, கதவு ஜன்னல் பக்கத்துல இருந்து தள்ளி வாங்க, சிரிக்காதீங்க, பாதி பிரச்சினை இதோட முடிஞ்சுடும். அடுத்து லீக். மெஷினை ஆஃப் பண்ணிட்டு சிலிண்டர் வால்வை மூடி ரெகுலேட்டர் முள்ளைப் பாருங்க, கொஞ்ச நேரத்துல இறங்குதுன்னா சிலிண்டர்ல இருந்து மெஷினுக்குள்ள இருக்குற வால்வு வரைக்கும் எங்கயோ ஒழுகுது, சோப்புத் தண்ணி தடவிக் கண்டுபிடிச்சுடலாம். டார்ச் பக்க லீக் இதுல தெரியாது. அதுக்கு மெஷின்ல கேஸ் டெஸ்ட் பட்டன் இருந்தா அதை அழுத்தி கேஸை மட்டும் விட்டு (டார்ச் சுவிட்ச்சை அழுத்திடாதீங்க, ஆர்க்கைத் தொடங்குற ஹெச்எஃப் மின்சாரம் கையில அடிச்சுடும்) கப்பு வாயை ரப்பர் துண்டு வச்சு அடைங்க, ஃப்ளோமீட்டர் குண்டு கீழ இறங்கி உக்காரணும். உக்காராம மிதந்துக்கிட்டே இருந்தா நடுவுல எங்கயோ போகுது. டார்ச் பின்னாடி மூடியான பேக் கேப்ல இருக்குற ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) அப்பவே பாருங்க, நான் ஒரு தடவை அந்த ஓ-ரிங் இல்லாம மாட்டிட்டு அரை நாள் இரும்பையே திட்டித் திட்டி தேச்சுக்கிட்டு இருந்தேன். சிலிண்டர் புதுசா மாத்தினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுதுன்னா லேபிளையும் படிங்க, மிக் வெல்டிங்குக்கான சிஓ2 கலந்த கேஸா இருந்தா டங்ஸ்டன் எரிஞ்சே போயிடும். டங்ஸ்டன் கப்புக்கு வெளிய 5, 6 மிமீக்கு மேல நீட்ட வேண்டாம், டார்ச்சையும் ரொம்ப சாய்க்காதீங்க, செங்குத்துல இருந்து 15 டிகிரி போதும்.

ஆனா என்னோட சந்தேகம் இரும்பு மேலதான், ஏன்னா போன வாரம் இதே செட்டிங்ல நல்லா வந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. புதுப் பட்டை ஹாட் ரோல்டா (சூட்டுல உருட்டுனதா) இருந்தா மேல சாம்பல் நீலத்துல ஒரு தோல் இருக்கும்ல, அதுதான் மில் ஸ்கேல், முழுக்க இரும்பு ஆக்சைடு. வயர் பிரஷ் போட்டா அது போகாது, பாலிஷ்தான் ஆகும், பாக்க சுத்தமா தெரியும், ஏமாந்துடுவோம். அதுல இருக்குற ஆக்சிஜன் உருகுன இரும்புல இருக்குற கார்பனோட சேந்து கார்பன் மோனாக்சைடா மாறி, பீட் உறையிறதுக்குள்ள வெளிய வர முடியாம உள்ளயே குமிழா நின்னுடும், உங்க பின்ஹோல் அதுதான். ஃப்ளாப் டிஸ்க் (கிரைண்டர்ல மாட்டுற உப்புத்தாள் வட்டு) போட்டு ஜாயிண்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு இன்ச், வெட்டுன ஓரம், முடிஞ்சா பின்பக்கமும் வெள்ளையாக்குங்க. அலுமினியம் தேச்ச டிஸ்க்கை இதுக்கு எடுக்காதீங்க. அப்புறம் வெள்ளைத் துணியில அசிட்டோன் தொட்டுத் துடைச்சு துணி கருக்காம வர்ற வரைக்கும் விடாதீங்க. பிரேக் கிளீனர் ஸ்பிரே மட்டும் வேணவே வேணாம், அதுல குளோரின் கலந்த வகை இருக்கு, ஆர்க் பட்டா பாஸ்ஜீன்ங்கிற விஷவாயு வரும், உயிருக்கே ஆபத்து. கால்வனைஸ் பண்ண டியூபா இருந்தா துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிடும், இரும்பு உருக 1500 கிட்ட வேணும், அப்ப என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க, புகையும் கெடுதல், அந்தக் கோட்டிங்கை எடுக்காம அடிக்காதீங்க.

ராடு விஷயத்துல, கேஸ் வெல்டிங்குக்கு வர்ற செம்பு பூசுன கம்பியை டிக்குக்கு எடுத்தா கொதிக்கத்தான் செய்யும், அதுல ஆக்சிஜனைப் புடிச்சு வெளியேத்துற சிலிக்கானும் மாங்கனீசும் கம்மி. ஈஆர்70எஸ்-2 இல்லேன்னா ஈஆர்70எஸ்-6 எடுங்க, பீட் மேல அங்கங்க பழுப்பா கண்ணாடிச் சில்லு மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க, சிலிக்கானும் மாங்கனீசும் வேலை செஞ்சதுக்கு அடையாளம்தான். ராடையும் துடைச்சுட்டு எடுங்க, சூடான முனையை கேஸை விட்டு வெளிய இழுத்துடாதீங்க.

கடைசி ஒரு இன்ச் ஊதுறது தனி வியாதி. டியூபை முழுசா மூடும்போது உள்ள மாட்டுன காத்து சூடேறி விரிஞ்சு, போக வழி இல்லாம உருகுன இடத்தைப் பொத்துக்கிட்டு வருது. எவ்ளோ தேச்சாலும் இது நிக்காது, கண்ணுல படாத பக்கமா 3 மிமீ ஓட்டை ஒண்ணு போட்டு வச்சுட்டு மூடுங்க. ஏற்கனவே மூடியிருக்குற டேங்க், டிரம் மாதிரி உள்ள என்ன இருந்துச்சுன்னே தெரியாத ஐட்டத்துல மட்டும் இதைப் பாத்துட்டு கை வச்சுடாதீங்க, வெடிக்கும்.

இப்ப பின்ஹோல் விழுந்திருக்குற பீட் மேலயே திரும்ப ஓட்டி உருக்கி மூடிடலாம்னு பாக்காதீங்க, குமிழ் அடுத்த ஓட்டத்துலயும் ஏறி வரும். கிரைண்டர்ல ஓட்டை முழுசா மறையிற வரைக்கும் தோண்டி எடுத்துட்டு, துடைச்சு, புதுசா ஃபில்லர் போட்டு அடிங்க.