ரான்சம்வேர் பூட்டிய குடும்பப் படங்கள்: கடைக்காரருக்கு 18,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் கல்லூரி வேலைக்காக வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றை 'கிராக்' பதிப்பாக, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி உடைத்த திருட்டுப் பதிப்பாக, இறக்கினாள். அன்று இரவிலிருந்து படங்கள், வீடியோக்கள், என் கணவரின் கடைக் கணக்குகள் எதுவும் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு கோப்பு இருக்கிறது. 980 டாலர் கட்டச் சொல்கிறது, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலராம். இங்கே சர்வீஸ் கடைக்காரர், முதலில் ஃபார்மட் பண்ணிவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறேன், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா? - திண்டுக்கல் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். ஃபார்மட் பண்ணவும் விடாதீர்கள். கம்ப்யூட்டர் இப்போது கடையில் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் 'ஸ்டாப் டிஜேவு' என்ற ரான்சம்வேர் குடும்பத்துக்குப் பொருந்துகின்றன. நான்கெழுத்து வால், ரீட்மீ கடிதம், 980 டாலர், 490 டாலர் தள்ளுபடி, கிராக் மென்பொருள் வழியாக வந்தது என்று ஒன்றுகூடப் பிசகவில்லை. 2018 முதல் சுற்றிவரும் இது பெரிய நிறுவனங்களைத் தேடிப் போவதில்லை. உங்களைப் போன்ற வீட்டுக்காரர்களும் மாணவர்களும்தான் இதில் சிக்குகிறார்கள். இது கோப்புகளைப் பூட்டும்போது விண்டோஸ் அப்டேட் ஓடுவது போல ஒரு போலித் திரையைக் காட்டும். உங்கள் மகள் அதைப் பார்த்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

(பிரவுசரில் 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று அலறும் பக்கம் வேறு சமாசாரம். பிரவுசரை மூடினால் போய்விடும். அந்த எண்ணுக்கு மட்டும் அழைக்கக் கூடாது.)

வைரஸை நீக்குவதும் கோப்புகளைத் திறப்பதும் ஒரே வேலை என்று கடைக்காரர் உங்களை நம்ப வைத்திருக்கிறார். இவை இரண்டு தனித்தனி வேலைகள். திருடனை வீட்டை விட்டுத் துரத்திவிடலாம், ஆனால் அவன் பீரோவில் போட்டுவிட்டுப் போன பூட்டு அதனால் திறந்துகொள்ளாது. துரத்துவது எளிது, அதற்குக் காசு வேண்டாம்.

முதலில் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். உங்கள் கோப்புகள் இருக்கும் பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ எதையும் செருகாதீர்கள். இந்த வைரஸ் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக எழுந்து, புதிதாக வந்த கோப்புகளையும் பூட்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒரு வசதி உண்டு. அதை ஓட்டினால் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே தேடித் துடைக்கும். அதன் பிறகு நம்பகமான வேறொரு ஆன்டிவைரஸாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் தளங்கள் திறக்கவில்லை என்றால் அது நெட் கோளாறு அல்ல, வைரஸே தடுத்து வைத்திருக்கும். வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, காலியான பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது, உங்கள் கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். இந்த ரான்சம்வேர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, கூடவே பாஸ்வேர்ட் திருடும் நிரல் ஒன்றையும் இறக்கிவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் கைமாறிவிட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொபைலிலிருந்து, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அல்ல, மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், அடுத்து நெட் பேங்கிங், அப்புறம் மற்றவை. மெயிலில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். படங்களை நினைத்து அழுதுகொண்டிருக்கும்போது வங்கிக் கணக்கைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பூட்டுக்கு வருவோம். ரீட்மீ கடிதத்தின் அடியில் 'பெர்சனல் ஐடி' என்று எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரி ஒன்று இருக்கும். அதன் கடைசி இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய 't' எழுத்தும் அதை ஒட்டி 1 என்ற எண்ணும் ('t1') இருக்கிறதா? இதைப் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் நம்பிக்கை முழுக்க இந்த இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. பூட்டும் நேரத்தில் வைரஸ் தன் சர்வரோடு தொடர்புகொள்ள முடிந்தால், உங்களுக்கென்றே தனிச் சாவி ஒன்றை வாங்கிக்கொள்ளும். அது குற்றவாளிகளிடம் மட்டுமே இருக்கும். இன்றைய நிலையில் யாராலும் அதை உடைக்க முடியாது. சர்வர் கிடைக்காவிட்டால், தனக்குள்ளே வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். அதே வகை வைரஸால் அப்படிப் பூட்டப்பட்ட எல்லோருக்கும் அதே சாவிதான். ஐடி 't1' என்று முடிந்தால் உங்களுக்கு நேர்ந்தது இது. யாரோ ஒருவர் மூலம் அந்தச் சாவி வெளிவந்தாலும் எல்லோருடைய கோப்புகளும் திறக்கும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வைரஸ் இரண்டு முறை ஓடியிருந்தால் பாதிக் கோப்புகள் ஒரு சாவியாலும் மீதி இன்னொன்றாலும் பூட்டப்பட்டிருக்கலாம். ரீட்மீயில் ஒரு ஐடிதான் தெரியும். சி டிரைவில் 'சிஸ்டம்ஐடி' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்பில் எல்லா ஐடிகளும் வரிசையாக இருக்கும். அதைப் பாருங்கள். அதில் ஒன்றாவது 't1' என்று முடிந்தால் மனதைத் தளரவிடாதீர்கள்.

சாவி தெரிந்த வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரிலிருந்து இலவசத் திறப்புக் கருவி தருகிறது. டச்சுக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் காஸ்பர்ஸ்கை, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குப் போனால் அதற்கு வழி கிடைக்கும். அங்கே மட்டும் போங்கள். யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். 2020-ல் இதே டிஜேவுவைத் திறக்கும் கருவி என்று சொல்லி 'ஸோராப்' என்ற இன்னொரு ரான்சம்வேரை விட்டார்கள். நம்பி ஓட்டியவர்களின் கோப்புகளில் இரண்டாவது பூட்டும் விழுந்தது.

இப்போது உங்கள் 18,000 ரூபாய். ஃபார்மட் பண்ணினால் கோப்புகளும் ஐடியும் கடிதமும் சேர்ந்தே போய்விடும். நாளைக்குச் சாவி வெளிவந்தாலும் திறக்க எதுவும் இருக்காது. அந்தக் கடைக்காரரிடம் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத சாவி ஏதும் கிடையாது. எங்களிடம் தனித் தொழில்நுட்பம் இருக்கிறது என்று விளம்பரம் செய்த அமெரிக்க மீட்பு நிறுவனங்களே ரகசியமாகக் குற்றவாளிகளுக்குப் பணம் கட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் அதற்கு மேல் வசூலித்ததை 2019-ல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. நம் ஊரில் இதையெல்லாம் யார் தோண்டப் போகிறார்கள்? இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பதறிப்போய் வரும் தாயிடம் 'முடியாது' என்ற உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், அதைச் சொல்லாமல் பில் போடுகிறார்கள்.

குற்றவாளிகளுக்கும் கட்டாதீர்கள். ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவார்கள், அது தூண்டில்.

சின்ன ஆறுதல் ஒன்று சொல்கிறேன். இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. அதனால் பெரிய வீடியோக்களையும் பாட்டுக் கோப்புகளையும் சாவி இல்லாமலே ஓரளவு சரிசெய்ய 'மீடியா ரிப்பேர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. பிரதி எடுத்து அதில்தான் முயல வேண்டும். படங்களுக்கு மொபைல், கூகுள் போட்டோஸ், உறவினர்களின் வாட்ஸ்அப், கல்யாண போட்டோகிராஃபர் என்று ஒவ்வோர் இடமாகக் கேளுங்கள்.

புகார் கொடுங்கள். தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் ரான்சம்வேருக்கென்று பிரிவு உண்டு. 1930 எண் பணம் பறிபோனவர்களுக்கானது. உங்கள் கணக்கில் பணம் குறைந்தால் மட்டும் உடனே அழையுங்கள். காவல் நிலையத்தில் 'ஃபார்மட் போட்டுக்கோங்கம்மா' என்று திருப்பி அனுப்பினால், மனுவைக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரு குடும்பத்தின் பதினைந்து வருடப் படங்கள் போனது குற்றமாகவே தெரியாத அதிகாரிகள் இருக்கும்வரை, இந்தக் குற்றவாளிகளுக்கு எத்தனை பேர் இரையானார்கள் என்ற கணக்கே வராது.

மகளைத் திட்டாதீர்கள். காசு கொடுத்து வாங்க முடியாத மென்பொருளில் பிராஜெக்ட் கேட்கும் கல்லூரிகள்தான் பிள்ளைகளை இங்கே தள்ளுகின்றன. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய் என்று எந்தத் தளம் சொன்னாலும் அதோடு மூடிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே அவள் வேலைக்குப் போதும்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: புதிய டிஸ்க் ஒன்று வாங்கி அதில் ஒரிஜினல் விண்டோஸ் போடச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதியும் ஐடியும் எழுதி ஒட்டி வீட்டில் வையுங்கள். ஐடி 't1' என்று முடிந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை எம்சிசாஃப்ட் கருவியைப் புதிதாக இறக்கி ஓட்டிப் பாருங்கள்.